பின்கொசுவம் பார்த்து வாங்குங்கள்

ஸ்காட்லாந்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

கோடைக்காலப் பட்டமளிப்பு விழா நெருங்கும்போதெல்லாம் உங்களில் நாலைந்து பேராவது என் தையல் மெஷின் முன்னால் வந்து நிற்கிறீர்கள். கையில் ஒரு பை, பைக்குள் இந்த ஊர் ஆண்கள் இடுப்பில் கட்டும் கில்ட் ஒன்று. "அக்கா, நேற்றுதான் பழைய துணிக் கடையில் வாங்கினேன். இடுப்பு நாலு அங்குலம் பெரிசா இருக்கு. கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க." பையைப் பிரித்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பாதி நேரம் நான் சொல்ல வேண்டியிருப்பது ஒரே பதில்தான்: "இதைப் பிடிக்க முடியாது தம்பி." காசு கொடுத்து வாங்கியவரின் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கடைக்குப் போகும் முன்பே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் தயக்கம் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். "நாம் கட்டலாமா?" என்று கேட்கிறீர்கள். தாராளமாகக் கட்டலாம். இன்ன குடும்பத்தார்தான் இன்ன டார்ட்டன், அதாவது இன்ன கட்டம் போட்ட துணி, கட்ட வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. அரச குடும்பத்துக்கு உரிய பால்மோரல் டார்ட்டனை மட்டும் மற்றவர்கள் கட்டுவதில்லை. அது பழைய துணிக் கடையில் உங்கள் கண்ணில் படப்போவதும் இல்லை. கரும்பச்சையும் நீலமுமான பிளாக் வாட்ச், சிவப்பு ராயல் ஸ்டூவர்ட் இரண்டையும் யார் வேண்டுமானாலும் கட்டுவது வழக்கம். கிளாஸ்கோவின் பியூட் மண்டபத்திலோ எடின்பரோவின் மெக்யூவன் மண்டபத்திலோ மேலங்கியும் கில்ட்டுமாக நீங்கள் மேடையேறினால் இந்த ஊர்க்காரர்களுக்கு அது சந்தோஷம்தான்.

எடின்பரோ ராயல் மைலில் சுற்றுலாப் பயணிகளுக்காகத் தொங்கும் அக்ரிலிக் கில்ட்டை மட்டும் வாங்காதீர்கள். ஒருநாள் கூத்துக்கு என்று தைத்த துணி அது. கையால் தைத்த புதிய கம்பளிக் கில்ட் பல நூறு பவுண்டு ஆகும், மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் கிளாஸ்கோ பயர்ஸ் ரோட்டிலும் எடின்பரோ ஸ்டாக்பிரிட்ஜிலும் வரிசையாக இருக்கும் தொண்டு நிறுவனக் கடைகளிலும், வார இறுதியில் கூடும் பாராஸ் சந்தையிலும் யாரோ ஒரு தாத்தா நாற்பது வருஷம் கட்டிய கில்ட் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம். அக்ரிலிக் கில்ட்டின் விலையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அது உங்களுடையது. எது அந்தத் தாத்தாவின் கில்ட், எது வெறும் பாவாடை என்று பிரித்தறியத் தெரிந்தால் போதும்.

அதற்குப் பார்க்க வேண்டிய இடம் பின்பக்கம். எல்லாரும் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள், ஏனென்றால் நிறமும் கட்டமும் அங்கேதான் விரிந்து தெரிகின்றன. முன்னால் இருப்பது ஒன்றன்மேல் ஒன்றாக விழும் இரண்டு தட்டையான மடல்கள், அவ்வளவுதான். அவற்றை ஏப்ரன் என்பார்கள். வேலைப்பாடு முழுக்கப் பின்னால் இருக்கிறது. நம் ஊரில் வயல்வேலைக்குப் போகும் அம்மாக்கள் பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கொசுவத்தை அப்படியே இடுப்பிலிருந்து பிட்டம் வரை தைத்து நிறுத்தி, அதற்குக் கீழே காற்றில் ஆடவிட்டால் அதுதான் கில்ட். தைத்து நிறுத்திய அந்தப் பகுதிக்குத் தையற்காரர்கள் ஃபெல் என்று பெயர் சொல்வார்கள். மொத்த நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நல்ல கில்ட்டுக்கு எட்டு கஜம் துணி என்று இங்கே சொல்வதைக் கேட்டபோது ஒன்பது கஜம் புடவை கட்டிய என் பாட்டிதான் எனக்கு நினைவுக்கு வந்தாள்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் நானும் ஏமாந்தேன். பிளாக் வாட்ச் கட்டம் போட்ட கனமான கில்ட் ஒன்று. முன்பக்கத்தில் கட்டம் அழகாக இருந்தது. பின்பக்கம் திருப்பினால் கட்டத்தைக் காணோம், மேலிருந்து கீழாக ஒரே மாதிரிக் கோடுகள் ஓடின. பின்பக்கம் கிழிந்து யாரோ வேறு துணி வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்போது நான் வேலை பார்த்த இடத்தின் பின்னறையில் ஒரு ஸ்காட்டிஷ் பாட்டி கில்ட் தைத்துக்கொண்டிருப்பார். அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு துண்டு டார்ட்டனை எடுத்து என் முன்னால் இரண்டு விதமாக மடித்துக் காட்டினார். எனக்குத் தெரிந்தது எல்லாம் அன்றைக்கு அந்த மேசையில் தொடங்கியதுதான்.

டார்ட்டனில் கோடுகள் ஓர் ஒழுங்கில் வந்து, முடிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அப்படி ஒரு முழுச் சுற்றுக்கு செட் என்று பெயர். துணிக்குத் துணி அதன் அளவு மாறும், ஆறு அங்குலமும் இருக்கலாம், எட்டும் இருக்கலாம். இப்போது மடிப்பு. வெளியே தெரியும் பகுதி முக்கால் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மடிப்பையும் சரியாக ஒரு செட் தள்ளி மடித்தால், எல்லா மடிப்பின் முகத்திலும் ஒரே கோடு வந்து உட்காரும். அதைத்தான் நான் ஒட்டுப் போட்டது என்று நினைத்தேன். கோட்டுக்கு மடித்தது என்று இதைச் சொல்வார்கள், பட்டாளத்து வழக்கம். கார்டன் ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவின் கில்ட்டில் மஞ்சள் கோடு மடிப்புக்கு மடிப்பு நிற்பது அப்படித்தான். ஒரு செட்டோடு அந்த முக்கால் அங்குலத்தையும் சேர்த்துத் தள்ளி மடித்தால் கதையே வேறு. முதல் மடிப்பு விட்ட இடத்திலிருந்து அடுத்த மடிப்பு கட்டத்தைத் தொடரும். கடைசி மடிப்பு வரும்போது பின்பக்கம் முழுக்க, முன்பக்கம் போலவே கட்டம் திரும்ப உருவாகியிருக்கும். இது செட்டுக்கு மடித்தது.

இரண்டும் சரியானவையே, ஒன்று உசத்தி மற்றது மட்டம் என்று இல்லை. எனக்குக் கோட்டுக்கு மடித்ததுதான் பிடிக்கும். நிற்கும்போது பின்பக்கம் ஒரே நிறமாக அடங்கியிருக்கும். நடக்கத் தொடங்கியதும் மடிப்புகள் விரிந்து உள்ளே ஒளிந்திருந்த நிறங்கள் பளிச்சென்று வெளியே வந்து மறையும். பைப் இசைக் குழு ஒன்று நடந்து போகும்போது பின்னாலிருந்து பார்த்தால் தெரியும். பல கில்ட்டுகள் ஒரே நேரத்தில் அப்படித் திறந்து மூடும் காட்சிக்கு ஈடு நான் வேறெதையும் சொல்ல மாட்டேன்.

எப்படி மடித்தது என்பது ஒரு கேள்வி. எந்த வடிவத்தில் மடித்தது என்பது இன்னொரு கேள்வி. எல்லா மடிப்பும் ஒரே பக்கம் சாய்ந்து அடுக்கிய வெற்றிலை மாதிரி இருந்தால் அது நைஃப் பிளீட். உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் இதுதான். பள்ளிக்கூடத்துச் சீருடைப் பாவாடையில் வருமே, இரண்டு பக்கமும் உள்ளே மடங்கி நடுவில் அகலமான பட்டை, அது பாக்ஸ் பிளீட். அம்மாவின் மெஷினில் நான் முதன்முதலில் தைக்கக் கற்றதே இதைத்தான். நடுவில் ஒரு பாக்ஸ் மடிப்பு, அதிலிருந்து இரண்டு பக்கமும் விலகிச் சாயும் நைஃப் மடிப்புகள் என்று ஒரு கலப்பு உண்டு, பெயர் கிங்குசி. அபூர்வமாகத்தான் கண்ணில் படும். கிடைத்தால் விடாதீர்கள்.

பாக்ஸ் பிளீட் கில்ட்டைப் பார்த்ததும் "மடிப்பு ஏழெட்டுதான் இருக்கு, துணியைச் சுருக்கிட்டாங்க" என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதுதான் மூத்த வடிவம். 1746-இல் லண்டன் பாராளுமன்றம் ஹைலாண்ட் உடைக்கு, அதாவது கில்ட் உள்ளிட்ட மலைநாட்டு உடைக்கு, தடை போட்டது. 1782-இல்தான் அந்தத் தடை நீங்கியது. அதுவரை மன்னரின் படையில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. மடிப்பைத் தைத்து நிறுத்திய கில்ட்டுகள் 1790-களில் அந்தப் படைப்பிரிவுகளில்தான் தெரிய வருகின்றன. அவை ஏறத்தாழ நாலு கஜத்தில் தைத்த பாக்ஸ் மடிப்புக் கில்ட்டுகள். கார்டன் ஹைலாண்டர்ஸ் நைஃப் மடிப்புக்கு மாறியது 1850-களில். அதற்குப் பிறகுதான் துணி ஏறி ஏறி எட்டு கஜத்தில் வந்து நின்றது. பிளாக் வாட்ச் படையினர் பாக்ஸ் மடிப்பிலேயே இருந்துவிட்டார்கள். ஆகவே, எட்டு கஜம் இல்லாவிட்டால் அசல் இல்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஒல்லியான உடம்புக்கு நாலு கஜப் பாக்ஸ் மடிப்பு நன்றாகப் பொருந்தும், தூக்கிச் சுமக்கவும் லேசு.

கடையில் இருப்பது எத்தனை கஜம் என்று கண்டுபிடிக்க ஓர் இஞ்சு டேப்பும் ஐந்து நிமிஷமும் போதும். ஒரு செட் எத்தனை அங்குலம் என்று முன்பக்கத்தில் அளந்துகொள்ளுங்கள். பின்னால் மடிப்புகளை எண்ணுங்கள். கோட்டுக்கு மடித்த ஒரு நைஃப் பிளீட் கில்ட்டில் செட் 8 அங்குலம், மடிப்பு 27 என்றால், 216 அங்குலம், அதாவது 6 கஜம். முன் ஏப்ரன்களுக்கும் அவற்றை ஒட்டிய ஆழ்ந்த மடிப்புகளுக்கும் சுமார் 2 கஜம் சேருங்கள், எட்டு வந்துவிட்டது. பாக்ஸ் மடிப்பில் வெளியே தெரியும் அகலத்தைப் போல மூன்று மடங்கு துணி போகும். பின்பக்கம் 20 அங்குலம் என்றால் 60 அங்குலம், ஏப்ரன்களோடு சேர்த்து நாலு கஜத்தை நெருங்கும். நைஃப் மடிப்புக்குள் விரல் விட்டுப் பார்த்தால் சிலவற்றில் இரண்டு அங்குலத்திலேயே விரல் முட்டி நிற்கும். துணியில் மிச்சம் பிடித்து மெஷினில் ஓட்டியவை அவை. நடந்தால் ஆடாது, உட்கார்ந்து எழுந்தால் மடிப்பு வாயைப் பிளந்துகொள்ளும். பெண்களுக்கான மடிப்புப் பாவாடைகளுக்கும் கில்ட் என்று சீட்டு ஒட்டித் தொங்கவிடுவார்கள், அவற்றில் இதை அதிகம் பார்ப்பீர்கள். தங்கைகளே, பாவாடையாக உடுத்த வேண்டுமென்றால் அதை வாங்குவதில் தவறில்லை. கில்ட் விலைக்கு மட்டும் வாங்காதீர்கள்.

இனி ஃபெல்லைக் கண்ணருகே கொண்டுவாருங்கள். தைத்தவரின் கை அங்கேதான் தெரியும். மடிப்பு ஒவ்வொன்றும் பிட்டத்தில் முக்கால் அங்குலம் என்றால் இடுப்பில் அரை அங்குலமாகக் குறுகிப் போக வேண்டும். அப்படிக் குறுகும்போதும் நடுக்கோடு நடுவிலேயே நிற்க வேண்டும். குறுக்கே ஓடும் கோடுகள் மடிப்புக்கு மடிப்பு ஏறாமல் இறங்காமல் ஒரே நேராகப் போக வேண்டும். கையால் தைத்ததில் மடிப்பு ஓரத்தில் தையல் தெரியவே தெரியாது, நகத்தால் நெம்பினால்தான் நூல் தட்டுப்படும். மெஷின் தையலில் ஓரத்தை ஒட்டி ஒரு கோடு ஓடும். பிறகு கீழ் ஓரத்தைப் பாருங்கள். நல்ல கில்ட்டுக்கு அடியில் மடித்துத் தைத்திருக்காது, தறியிலேயே நெய்த கரைதான் அடி ஓரம். மடிப்புகளுக்குள் எங்காவது ஒரு ஒட்டுத் தையல் தென்பட்டால் பயப்பட வேண்டாம். அகலமான துணியில் நாலு கஜம் எடுத்து, நீளவாக்கில் இரண்டாக்கி, சேர்த்துத்தான் எட்டு கஜம் ஆக்குவார்கள். ஒட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும்.

கையில் தூக்கிப் பார்ப்பதும் ஒரு சோதனை. பதினாறு அவுன்ஸ் கம்பளி என்றால் அந்த அகலத் துணியின் ஒரு கஜம் பதினாறு அவுன்ஸ் எடை என்று அர்த்தம். எட்டு கஜக் கில்ட்டுக்கான அந்த நாலு கஜத்துக்கு 64 அவுன்ஸ், ஏறத்தாழ 1.8 கிலோ. எட்டு கஜம் என்று சொல்லிவிட்டுச் சட்டை மாதிரி லேசாக இருந்தால் அது கம்பளியாக இருக்க வாய்ப்பில்லை. பட்டாளத்துக் கில்ட்டுகள் இன்னும் கனமானவை, இடுப்புக்கு மேலே உயர்ந்து நிற்பவை. உள்ளே அம்பு முத்திரை குத்தியிருந்தால் அது அரசாங்கச் சொத்தாக இருந்தது என்று பொருள். இழுபட்டு நீண்ட வார்த் துளைகளோடு, தேய்ந்து மினுமினுக்கும் கில்ட் என்றால் வாடகைக் கடையில் சுற்றி வந்ததாக இருக்கலாம்.

பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்க, மடிப்பை ஒவ்வொன்றாக விரித்துச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். துணியில் நட்சத்திரம் மாதிரி வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அரித்திருக்கிறது. மடிப்பின் ஆழத்தில் ஒன்றிரண்டு என்றால் இழை எடுத்து நான் சரிசெய்து தருகிறேன். ஏப்ரன் நடுவே என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மடிப்புக்குள் இருக்கும் நிறமும் வெளியே இருக்கும் நிறமும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். வெயிலில் வெளுத்த சாயத்தை யாராலும் மீட்க முடியாது. வார், பக்கிள், உள்துணி இவை போயிருந்தால் கவலை இல்லை. எல்லாவற்றையும் மாற்றலாம்.

மாற்ற முடியாதது அளவு. நீங்கள் அதிகம் தவறுவதும் இங்கேதான். ஜீன்ஸ் அளவைச் சொல்லி வாங்குகிறீர்கள். ஜீன்ஸ் இடுப்பெலும்பில் நிற்கிறது, கில்ட் தொப்புள் மட்டத்தில் கட்டுவது. தொப்புளைச் சுற்றி அளந்து பாருங்கள், ஜீன்ஸ் அளவைவிடக் கூடுதலாக வரும். பிட்டத்தின் மிக அகலமான இடத்தையும் அளக்க வேண்டும். நீளத்துக்கு, கட்டிக்கொண்டு மண்டியிட்டால் கீழ்க்கரை தரையைத் தொட்டும் தொடாமலும் இருப்பது பழைய கணக்கு. பக்கிளை நகர்த்தி ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் கூட்டிக் குறைக்கலாம். அதற்கு மேல் என்றால் மடிப்புகளைப் பிரிக்க வேண்டும். ஒரு மடிப்பின் அகலம் மாறினால் கட்டத்தின் கணக்கு முழுக்க மாறும். அதுமட்டுமில்லை, பருமன் தெரியாமலிருக்க ஃபெல்லுக்கு உட்புறம் மறைந்திருக்கும் துணியைப் பெரும்பாலும் தைத்தவரே வெட்டி எடுத்திருப்பார். வெட்டிய துணியை எந்தத் தையல்காரியாலும் திரும்ப விரிக்க முடியாது. நீளத்தைக் குறைக்க அடியில் மடித்துத் தைக்கலாம் என்பீர்கள். மடிப்புக்கு மடிப்பு தடித்து, கரையின் அழகும் துணி விழும் விதமும் கெட்டுவிடும். ஆகவே அளவு பொருந்தாவிட்டால், எவ்வளவு நல்ல கில்ட் ஆனாலும், அதற்குப் பொருந்தும் இன்னொருவருக்கு விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அலமாரியில் மாட்டிவிடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். பூச்சியும் முட்டையும் அதில் செத்துப்போகும். எந்தக் காரணத்துக்காகவும் வாஷிங் மெஷினில் போடாதீர்கள். டிரை கிளீனிங்குக்குக் கொடுக்கும் முன்னால் மடிப்புகளைக் கீழ்வரை பெரிய தையலாக ஓட்டித் தாருங்கள், இல்லாவிட்டால் அங்கே அவர்கள் மனம்போனபடி மடித்துத் தேய்த்துவிடுவார்கள். வீட்டில் தேய்க்கும்போதும் அதே தையல், மேலே ஈரத்துணி. ஊருக்கு எடுத்துப் போவதானால் நீளவாக்கில் சுருட்டிப் பழைய நீளக் காலுறைக்குள் நுழைத்துவிடுங்கள், ஒரு மடிப்பும் கலையாது. கட்டும்போது, கில்ட் ஊசியை மேல் ஏப்ரனில் மட்டும் குத்துங்கள். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் உட்கார்ந்து எழும்போது துணி கிழியும். இப்படிக் கிழிந்தவை வருஷத்துக்கு நாலாவது என்னிடம் வருகின்றன.

பொருந்தாத கில்ட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதை வெட்டிப் பையாகவோ மெத்தை உறையாகவோ ஆக்கச் சொல்லி என்னிடம் கேட்காதீர்கள். முழுசாகக் கொண்டுவந்து கொடுங்கள், அடுத்த வருஷம் வரும் பிள்ளைகளில் யாருக்காவது அளவு ஒத்துப்போகும். சென்ற கோடையில் அப்படி இரண்டு கில்ட்டுகள் கைமாறின.

வாங்கலாமா வேண்டாமா என்று கடையில் நின்று குழம்பினால் எனக்குப் படம் அனுப்புங்கள். ஃபெல் கிட்டத்தில் ஒன்று, ஒரு மடிப்பை விரித்து டேப் வைத்து ஒன்று, உள்பக்கம் ஒன்று. முன்பக்கப் படம் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
கிளாஸ்கோ